பூங்கா அமைக்கப் பணம் உண்டு, தண்ணீர் ஊற்ற?

வேலூர் மாநகராட்சியைச் சேர்ந்த சத்துவாச்சாரியில் ஒரு தெருமுனை. முன்பு அங்கே குப்பைத் தொட்டி இருந்தது. தொட்டியை எடுத்துச் சென்ற பிறகும் பல மாதங்கள் குப்பை அதே இடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது, கை பழகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில் எதிர்வீட்டு அம்மா அந்த இடத்தைப் பெருக்கி, சாணம் தெளித்து, பெரிய கோலமாகப் போட்டு வைத்தார். கோலத்தின் மேல் குப்பை கொட்ட யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த வாரம் இரண்டு புங்கன் கன்றுகள் வந்தன. பிறகு பழைய டயர்களில் மண் நிரப்பி நான்கு செம்பருத்திகள். இன்று புங்கன் ஆள் உயரம் தாண்டிவிட்டது. தெருப் பெண்கள் தங்கள் வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழிக்கும் நீரைப் பெயிண்ட் வாளியில் பிடித்து வைத்து, மாலையில் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். உப்பு கூடிய அந்த நீரைப் புங்கன் தாங்கிக்கொள்ளும். செம்பருத்திக்கு மட்டும் பாதி நல்ல தண்ணீர் கலக்க வேண்டும். "வாரத்துக்கு நாலு வாளி போதும் தம்பி. ஆனால் அந்த நாலு வாளி தவறக் கூடாது" என்றார் அந்த அம்மா.

அந்த மூலைக்கு இன்னும் வேண்டியவை ஒரு குழாய், முதியவர்கள் உட்கார ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு விளக்கு. பெரிய தொகை ஒன்றும் ஆகிவிடாது. இப்படிப்பட்ட சிறு வேலைக்கு மாநகராட்சியிடம் பணம் கேட்க வழி இருக்கிறதா என்று அந்தத் தெருவில் பலர் கேட்டார்கள். இருக்கிறது. ஆனால் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, எந்த வாசல் வழியாகப் போய்க் கேட்க வேண்டும் என்பதை யாரும் மக்களுக்கு உட்கார்ந்து சொல்வதில்லை.

தெருவை அழகாக வைத்திருப்பது மாநகராட்சி விரும்பினால் செய்யும் உபகாரம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் அடுக்கியிருக்கிறது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அதில் தனி இனம். நகர்ப்புற மரவளர்ப்பு இன்னோர் இனம். பண்பாடு, கல்வி, அழகியல் ஆகியவற்றை வளர்ப்பது மற்றோர் இனம். குடிநீரும் சாக்கடையும் இடம்பெற்ற அதே பட்டியலில் அழகும் இடம்பெற்றிருக்கிறது. வேலூரில் நகராட்சி அமைந்தது 1866இல்; மாநகராட்சி ஆனது 2008 ஆகஸ்ட் 1இல். பிறகு சத்துவாச்சாரி, தாராபடவேடு போன்ற சுற்றுப்புற ஊர்களும் சேர்ந்து இன்று 60 வார்டுகள், 4 மண்டலங்கள். தனித்தனி ஊர்களாக இருந்தவை ஒரே மாநகராட்சிக்குள் வந்தபோது, ஒவ்வோர் ஊரும் தன் ஏரிக்கரையையும் மந்தைவெளியையும் கோயில் வாசலையும் அதனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தது. அவற்றைப் பேணும்படி கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணம் எங்கே இருக்கிறது? பல உண்டியல்களில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு பூட்டு. சொத்து வரி உள்ளிட்ட சொந்த வருவாய் ஒன்று. அதில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் என்று போய்விடும். மத்திய நிதிக்குழு மானியம் இன்னொன்று. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுத்த விதிப்படி, வேலூர் போன்ற நகரங்களுக்கு வரும் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 விழுக்காட்டில்தான் உள்ளாட்சி தன் விருப்பப்படி திட்டமிட முடிந்தது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிகளுக்காக மத்திய அரசு 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கு 2.5 விழுக்காடு வரை ஒதுக்கலாம் என்று வரம்பு கட்டினார்கள். மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று இன்னும் சில உண்டு.

இவற்றில் ஊரின் முகத்தைப் பெரிதாக மாற்றியது ஸ்மார்ட் சிட்டி திட்டம். 2016 செப்டம்பரில் மதுரை, சேலம், தஞ்சாவூரோடு வேலூரும் தேர்வானது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய், மாநிலம் அதே அளவு என்பது திட்டத்தின் ஏற்பாடு. புதிய பஸ் நிலையம், சாலைகள், கழிஞ்சூர், தாராபடவேடு ஏரிக்கரை வேலைகள் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. 2025 மார்ச் மாதத்தோடு அந்தத் திட்டம் முடிந்தது. ஏரிக்கரையில் காலையில் நடக்கிறவர்களைப் பார்த்தால் அந்தப் பணம் வீண் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அது பெரிய வேலைகளுக்கான பெரிய பணம். கொசப்பேட்டையிலோ காகிதப்பட்டறையிலோ ஒரு சந்து, தன் முனையில் ஒரு பெஞ்சு கேட்பதற்கு அதில் வாசல் இருக்கவில்லை.

அந்த வாசல் உள்ளது என்று சொல்லத்தக்கது நமக்கு நாமே திட்டம். 1997-98இல் முதலில் வந்தது. இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021இல் மீண்டும் பழைய பெயருக்குத் திரும்பியது. இதன் அடிப்படை எளிமையானது. வேலையின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு கொடுக்கும். பூங்கா, விளையாட்டுத் திடல், மரம் நடுதல், தெருவிளக்கு, நீர்நிலைச் சீரமைப்பு, பள்ளி, அங்கன்வாடி, சுடுகாட்டு மேம்பாடு வரை இதில் செய்யலாம். தனிமனிதர், சங்கம், நிறுவனம் என எவர் வேண்டுமானாலும் பங்களிக்கலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருமுனைப் பூங்காவுக்கு மதிப்பீடு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவின் பங்கு 1 லட்சம். 50 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 2,000. காட்பாடி காந்தி நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி அலுவலர்களும் வாழும் தெருவில் இது ஒரு மாலைக் கூட்டத்தில் முடிந்துவிடும். பீடி சுற்றியும் கட்டட வேலைக்குப் போயும் பிழைக்கிற குடும்பங்கள் நிறைந்த தெருவில் அந்த 2,000 ரூபாய் பள்ளிக்கூடப் பைக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வைத்த பணம். ஆகவே மரமும் நிழலும் ஏற்கெனவே உள்ள தெருவுக்கே மேலும் நிழல் வருகிறது. ஓட்டுவீடும் தகரக்கூரையும் நெருங்கி நின்று கொதிக்கும் தெருவுக்கு எதுவும் வருவதில்லை. வெயிலூர் என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் ஊர் இது. சித்திரையிலும் வைகாசியிலும் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெயில் எல்லார் மேலும் ஒன்றாக விழுந்தாலும், அதைத் தாங்கும் வசதி ஒன்றாக இல்லை. திட்டத்தின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். அதன் அளவுகோல் பணத்தை மட்டும் பார்ப்பதுதான் என் வருத்தம்.

இதற்கு மாற்று உண்டா என்று தேடினால் ஒரு வெளிநாட்டு நகரம் கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் நகராட்சி 1988இல் அக்கம்பக்கத்தாருக்கான இணைநிதி ஒன்றை உருவாக்கியது. தெருவார் ஒரு திட்டத்தைக் கொண்டுவர வேண்டும். நகராட்சி பணம் தரும். தெருவாரும் தங்கள் பங்கைத் தர வேண்டும். இதுவரை நமக்கு நாமே போலத்தான். வித்தியாசம் அந்தப் பங்கை எப்படி அளக்கிறார்கள் என்பதில். அங்கே பணம் மட்டும் பங்கு ஆகாது. ஒருவர் மண்வெட்டி பிடித்து உழைத்த நேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு அதையும் பங்காக வரவு வைக்கிறார்கள். நன்கொடையாக வந்த செங்கல்லும் செடியும்கூட வரவுதான். அந்த நகரத்தின் பிரீமாண்ட் பகுதியில் ஒரு பாலத்தின் அடியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1990இல் அங்கே 18 அடி உயரத்தில் ஒரு பூதத்தின் சிலையை எழுப்பினார்கள். அது கையில் ஒரு காரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கும் இந்த இணைநிதி உதவியது. இன்று வெளியூர்க்காரர்கள் தேடிவந்து படம் எடுக்கும் இடம் அது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தின் அடியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பூதம் நினைவுக்கு வரும். நம் ஊரில் மண்ணைப் பிசைந்து ஐயனார் குதிரை செய்யத் தெரிந்த கைகளுக்கா பஞ்சம்?

உழைப்பைப் பங்காக எண்ணுவது நமக்குப் புதிதும் அன்று. ஏரிக்கும் கால்வாய்க்கும் வீட்டுக்கு ஓர் ஆள் போய் மண் சுமந்த குடிமராமத்து இந்த மண்ணின் பழைய வழக்கம். பழைய வடார்க்காடு ஏரிகளால் வாழ்ந்த மாவட்டம். பாலாறு பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் நாட்டில் ஏரிதான் சோறு போட்டது. நான்கு வாளி தண்ணீரைத் தவறாமல் கொண்டுவரும் சத்துவாச்சாரிப் பெண்களின் மூன்றாண்டு உழைப்புக்கு மணிக்கணக்குப் போட்டால், அந்தத் தெரு தன் பங்கை எப்போதோ கட்டி முடித்துவிட்டது. நம் திட்டங்களின் நடைமுறையிலோ பங்களிப்பு என்றால் காசோலை, வரைவோலை. இந்த ஒன்றை மாற்றினால் போதும், எத்தனையோ ஏழைத் தெருக்கள் மனுவோடு வந்து நிற்கும்.

மனு கொடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அந்த இடம் யாருடையது? வேலூரில் இது சிக்கலான கேள்வி. கோட்டையும் அதன் அகழியும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்டலாம். கோட்டையை ஒட்டிய தெருக்காரர்கள் ஒரு சிறு மண்டபம் எழுப்பவும் இந்தச் சட்டத்தைக் கடந்துதான் வர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை ஓரம் நெடுஞ்சாலை ஆணையத்துடையது. ஏரிகளில் பல நீர்வளத் துறையுடையவை. புறம்போக்கு வருவாய்த் துறையுடையது. இடம் தனதாக இல்லாத நிலையில் மாநகராட்சி அதில் ஒரு ரூபாயும் போட முடியாது. போட்டால் தணிக்கையில் கேள்வி வரும்.

மாநகராட்சிக்கே உரிய இடங்களும் ஏராளம். அவற்றில் முக்கியமானது மனைப்பிரிவுகளில் ஒதுக்கிய திறந்தவெளி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலை போக மிஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுப் பயனுக்கு ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் போனால் நிலமாகவே கொடுத்தாக வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றுவது முறை. உங்கள் நகரின் மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூங்கா என்று குறித்த ஒரு கட்டம் இருக்கும். அது இன்று முள்செடி மண்டிக் கிடக்கலாம், யாரோ மாடு கட்டியிருக்கலாம், செங்கல் அடுக்கியிருக்கலாம். பத்திரம் மாநகராட்சி பெயரில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பத்திரத்தின் நகல் இணைந்த மனுவைத் தட்டிக் கழிப்பது எளிதல்ல.

அடுத்தது சங்கம். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குடியிருப்போர் நலச்சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். ஒரு தெருச் சங்கத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரே பதில் வைத்திருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. நாடெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் வேலூர் வழக்கு என்று சொல்லிப் படிக்கிறார்கள். ஒரு பெஞ்சும் குழாயும் கேட்பது அதைவிடக் கடினமா என்ன?

மனு மண்டல அலுவலகத்துக்குப் போனதும் உதவிப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானம், ஒப்பந்தப்புள்ளி என்று கோப்பு நகரும். மதிப்பீடு போடும் நாளில் தெருக்காரர் ஒருவராவது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். காரணம் சின்னது, ஆனால் மரத்துக்கு உயிர்ப் பிரச்சினை. மதிப்பீட்டுக்குப் பழகிய பொருள்கள் சிமென்ட், ஓடு, பேவர் பிளாக், இரும்புக் கம்பிவேலி. இவற்றுக்கு விலைப்பட்டியல் உண்டு, அளக்கலாம், பில் போடலாம். நடைபாதை போடும்போது மரத்தின் அடிவரை பேவர் பிளாக்கை நெருக்கிப் பதித்து, மிஞ்சிய இடுக்கில் சிமென்ட் பூசியிருப்பதை எத்தனையோ தெருக்களில் பார்க்கலாம். மழை பெய்தால் அந்த மரத்தின் வேருக்கு ஒரு சொட்டு இறங்காது. சில ஆண்டுகளில் வேர் கல்லைத் தூக்கும். நடைபாதையைக் கெடுக்கிறது என்று மரத்தை வெட்டுவார்கள். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விட வேண்டும் என்று மதிப்பீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்குச் செலவு ஒரு ரூபாயும் இல்லை. பேவர் பிளாக் சில குறையும்.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் ஆற்றாமை தருவது. மேலே சொன்ன அத்தனை உண்டியல்களும் ஏறக்குறைய மூலதனச் செலவுக்கானவை. அதாவது புதிதாக ஒன்றைக் கட்ட. கட்டியதைப் பராமரிக்க ஆகும் செலவு, உள்ளாட்சி தன் சொந்த வருவாயிலிருந்து ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய பணம். ஒரு பூங்காவைத் திறக்கிற அன்றே அதற்கு ஒரு தோட்டக்காரரின் கூலி, தண்ணீர், மின்கட்டணம், உடைந்த ஊஞ்சலின் சங்கிலி என்று ஒரு நிரந்தரச் செலவும் பிறந்துவிடுகிறது. பத்துப் பூங்காக்கள் திறந்தால் பத்துச் செலவு. வருவாய் அதே வேகத்தில் கூடுவதில்லை. மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கும் ஊரில், கோடையில் செடிக்குத் தண்ணீர் என்பது கடைசி வரிசையில்தான் நிற்கும். முதல் கோடையில் புல்தரை காயும். இரண்டாம் கோடையில் நீரூற்றின் தொட்டியில் பிளாஸ்டிக் குவளை மிதக்கும். மூன்றாம் கோடையில் கதவைப் பூட்டி வைப்பார்கள். பிறகு புதிய திட்டத்தில் புதிய மதிப்பீட்டோடு அதே பூங்காவைச் சீரமைப்பார்கள். யாரும் திருடவில்லை, யாரும் சோம்பியிருக்கவுமில்லை. பணம் வரும் வழியே அப்படி அமைந்திருக்கிறது.

ஆகவே தெருக்களுக்குக் கொடுக்கும் நிதியில் ஒரு பகுதியை மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு என்று தனியே வைக்க வேண்டும். அதைத் தெருச் சங்கத்திடமே கொடுத்துக் கணக்குக் கேட்கலாம். கணக்கு ஒழுங்காக வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு, இங்கிருந்து காஞ்சிபுரம் போய் உத்திரமேரூரில் இறங்கி, சுவரில் பொறித்ததைப் படிக்கச் சொல்வேன். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஏரியைப் பார்த்துக்கொள்ள 6 பேர் கொண்ட ஏரி வாரியம். தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள 12 பேர் கொண்ட தோட்ட வாரியம். குடவோலையில் பெயர் எடுத்து ஓராண்டுக்கு அமர்த்தினார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடத்தில் பெயர் போடத் தகுதி இழந்தார்கள். தோட்டத்துக்கு என்று தனி வாரியமும் அதற்குக் கறாரான கணக்கும் வைத்திருந்த தொண்டை மண்டலத்துக்காரர்கள் நாம்.

இன்றைக்கு அந்த வாரியத்துக்குக் கிட்டே வரக்கூடியது பகுதி சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழ்நாட்டு நகரங்களில் இவை முதன்முதலாகக் கூடின. ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் என்பது ஏற்பாடு. அதற்கு மேல் மாமன்ற உறுப்பினர் தலைமையில் வார்டு குழு. குறை உண்டு: சபையின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். சபைக்கென்று கையில் பணமும் கிடையாது. ஒரு வார்டுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதை எந்தத் தெருமுனைக்குச் செலவிடுவது என்று சபையே தீர்மானிக்கட்டும் என்றால் நாற்காலிகள் நிரம்பும். புனே மாநகராட்சி 2006 முதலே வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் குடிமக்களிடம் சிறு வேலைகளுக்கான யோசனைகளைக் கேட்டு வாங்கிச் சேர்க்கிறது. வேலூரில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அதுவரை, கூடுகிற சபையில் எழுந்து நின்று பேசி, பேசியதைப் பதிவேட்டில் எழுதவைப்பது நம் கையில் இருக்கிறது. சத்துவாச்சாரி அம்மாவும் தெருப் பெண்களும் இப்போது ஒரு தாளில் மனு எழுதியிருக்கிறார்கள். இடத்தின் அளவு, மனைப்பிரிவு வரைபட நகல், இரண்டு புங்கன் மரங்களின் படம், தண்ணீர் ஊற்றும் முறை போட்ட பட்டியல். யார் வீடு, எந்தக் கிழமை என்று பட்டியலில் இருக்கிறது. முதலில் பெஞ்சு என்றுதான் எழுதியிருந்தார்கள். அம்மா அதை அடித்துவிட்டு மேலே குழாய் என்று எழுதச் சொன்னார்.